விவாகமும் வருமானமும் – ஓர் அறவியல் நோக்கு

கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதற்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு வருமானம் வேண்டும் என்று வினவினால், அது குடும்பத்தின் அளவையும் ஊரின் நிலையையும் பொறுத்தது என்றே உலகியல் அறிந்த எவரும் விடை கூறுவர். ஐக்கிய இராச்சியத்தின் குடிவரவு விதிகளோ இவ்வினாவுக்குத் திட்டவட்டமான விடையொன்றை வைத்திருக்கின்றன. 2012 ஜூலை 9 ஆந் திகதி முதல் அவ்விடை 18,600 பவுண். 2024 ஏப்ரல் 11 ஆந் திகதி முதல் 29,000 பவுண். அந்நாட்டுப் பிரஜையாகவோ நிரந்தர வதிவுரிமை பெற்றவராகவோ உள்ள ஒருவர் பிறநாட்டிலுள்ள தம் வாழ்க்கைத் துணையை அழைத்துக்கொள்ள விரும்பின், தமக்கு இவ்வளவு ஆண்டு வருமானம் உண்டென்பதைப் பத்திர வாயிலாக நிறுவுதல் வேண்டும். இலங்கை ரூபாவிற் கூறின் அது ஒரு கோடியைத் தாண்டும் தொகையாகும்.

கண்டிக்கும் வத்தேகமைக்கும் இடையில் அமைந்த மடவளை போன்றதோர் ஊருக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. வணிகத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த இவ்வூரிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மேலை நாடுகளுக்கும் பொருள்தேடிச் சென்றோர் பலர். பிரிவு என்பது பழந்தமிழரின் அகத்திணை மரபில் பாலைக்குரிய பொருள். பொருள்வயிற் பிரிந்த தலைவன் கார்காலத்தில் மீள்வான் என்று தலைவி காத்திருந்தாள். இன்றைய தலைவி காத்திருப்பது கார்காலத்தையன்று, சம்பளச் சீட்டை. ஐக்கிய அரபு அமீரகத்திலே தொழில்புரியும் ஒருவர் மனைவியை அழைக்க 4,000 திர்ஹம் மாதச் சம்பளம் அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் பெறுபவராக இருத்தல் வேண்டும் என 2019 இல் விதிக்கப்பட்டது. சவூதி அரேபியாவில் தங்கிவாழ்வோர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 100 ரியால் என 2017 ஜூலையில் தொடங்கிய வரி, 2020 இல் 400 ரியாலாக உயர்ந்தது. எனவே நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நாட்டின் விதி பற்றியதன்று. விவாகம் என்னும் உறவுக்குப் பணத்தை முன்நிபந்தனையாக்குதல் அறத்தின்பாற்பட்டதா என்பதே ஆராயவேண்டியதாகும்.

முதலிற் பத்திரங்களைப் பற்றிய விடயத்தைத் தனியே பிரித்து நோக்குதல் நன்று. விசா கேட்பவரிடம் பத்திரங்களைக் கேட்பதே இழிவுபடுத்துவதாகும் என்று நம்மவர் சிலர் மனம் வெதும்புவதுண்டு. இதனை முற்றாக ஏற்றுக்கொள்ள இயலவில்லை. மணச் சடங்காகிய கரணம், உலகிலே பொய்யும் பிழையும் தலைகாட்டிய பின்னரே மூத்தோரால் வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியர் கருத்து. ஆகவே சாட்சியைக் கோருதல் குடிவரவு அதிகாரியின் கண்டுபிடிப்பன்று. மணம் என்னும் நிறுவனத்துடனேயே அது பிறந்தது. இஸ்லாமிய மரபிலும் நிலை இதுவே. திருக்குர்ஆனின் வசனங்களுள் மிக நீண்டது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறும் சாட்சிகளை அமைக்குமாறும் பணிக்கும் வசனமாகும். நிக்காஹ் நிறைவேறுவதற்கும் சாட்சிகள் வேண்டும். இருவர் தமக்குள் மறைவாகச் செய்துகொள்வதன்று விவாகம், சமூகத்தின் முன் அறிவிப்பதாகும் என்பதே இவற்றின் உட்கருத்து.

எனினும் சாட்சியும் பத்திரமும் ஒன்றல்ல. இலங்கையின் 1951 ஆம் ஆண்டு 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், பதிவுசெய்யப்பட்டமையாலோ பதியப்படாமையாலோ மாத்திரம் ஒரு விவாகம் செல்லுபடியாவதோ செல்லாதொழிவதோ இல்லை என்கிறது. மார்க்கத்தின்படி முறையாக நடந்த மணம் மணமே. வெளிநாட்டுத் தூதரகத்தின் முன்போ பதிவில்லாத மணம் மணமன்று. அச்சட்டத்தின்கீழ் அமைந்த பதிவுப் படிவத்தில் மணமகனும் பெண்ணின் வலீயும் ஒப்பமிட்டனரேயன்றி, மணமகளின் கையொப்பத்துக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. இதன் விளைவு விந்தையானது. தன் விவாகத்தைப் பற்றிய பத்திரமொன்றிற் பெண்ணொருத்தி தன் பெயரால் முதன்முதலாக உறுதி கூறுவது, பலருடைய வாழ்விலே, அந்நிய அரசொன்றுக்கு அளிக்கும் விசா விண்ணப்பத்திலேயாகும். விசா நடைமுறையைக் குறைகூறுவோர் இதனையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பத்திரங்களுள் என்னை உறுத்துவது விவாகச் சான்றிதழன்று. உறவு உண்மையானதே என்பதை நிறுவக் கோரும் சான்றுகளே: தொலைபேசி உரையாடற் குறிப்புகள், அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டுகள், ஒன்றாக எடுத்த நிழற்படங்கள் என்பன. சான்று என்பது நடந்ததைக் காட்டுவது. ஆனால் சான்று கேட்கப்படும் என்பதை முன்னரே அறிந்தவர், சான்றுக்காகவே சிலவற்றைச் செய்யத் தொடங்குகிறார். கணவனும் மனைவியும் நெருங்கி நின்று படமெடுத்துக்கொள்வதை விரும்பாத குடும்பங்கள் எம் ஊரில் இன்றும் உள்ளன. அவர்களும் விசாவுக்கென்று நிழற்படக் கருவியின் முன் நெருங்கி நிற்கவேண்டியுள்ளது. அழைப்புப் பட்டியலில் இடைவெளி விழக்கூடாதென்பதற்காகச் சொல்ல ஏதுமில்லாத நாளிலும் அழைக்கவேண்டியுள்ளது. அன்பின் இயல்பான மௌனங்களுக்குக் கோப்பில் இடமில்லை. பிரித்தானியாவிலே 1980 முதல் 1997 வரை இருந்த பிரதான நோக்க விதி இதனினுங் கொடியது. தம் மணத்தின் முதன்மையான நோக்கம் அந்நாட்டிற் குடியேறுவதன்று என்பதை விண்ணப்பகாரரே நிரூபிக்க வேண்டியிருந்தது. இல்லாத ஒன்றை இல்லையென நிரூபிப்பது எங்ஙனம் என்று தர்க்கம் பயிலும் மாணவர் எவரும் கேட்பர்.

இனிப் பணத்தின் பக்கம் வருவோம். 29,000 பவுண் என்ற வரம்பை விதித்த அரசு கூறும் நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வந்து சேர்பவர் பொது நிதிக்குச் சுமையாதல் கூடாது. வரியிறுப்போர் தாம் அறியாத ஒருவரின் இல்லறச் செலவைத் தாங்கக் கடமைப்பட்டவரல்லர் என்பது அதன் சாரம். தன்னை நம்பி வருபவளைத் தாங்கும் வலிமை கணவனுக்கு உண்டா என்று பெண்ணைப் பெற்றோர் கேட்பது தவறில்லையெனின், அரசு கேட்பது மட்டும் தவறாவதெங்ஙனம் என்றும் வினவலாம்.

ஆயின் விதியின் உறுப்புகளை நெருங்கி நோக்குங்கால் இந்நியாயம் தளர்கின்றது. அவ்விசாவில் வருபவர் பொது நிதி உதவிகளை நாடலாகாது என்ற நிபந்தனை ஏலவே உண்டு. மருத்துவ சேவைக்கென ஆண்டுக்கு 1,035 பவுண் வீதம், விசாக் காலம் முழுவதற்குமாக, முன்கூட்டியே அறவிடும் முறை 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சுமையைத் தடுக்கும் வேலிகள் இவ்வாறு முன்னமே இருக்க, வருமான வரம்பு தடுப்பது எதனை? 2024 ஏப்ரலில் அந்நாட்டுச் சட்டம் விதித்த குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்துக்கு 11.44 பவுண். வாரம் 40 மணித்தியாலம், ஆண்டின் 52 வாரமும் ஒருவர் உழைத்தாலும் பெறுவது ஏறத்தாழ 23,800 பவுணே. சட்டம் போதுமென்று கருதும் கூலியை முழு நேரமும் உழைத்துப் பெறுபவர், அதே சட்டத்தின் மற்றொரு பிரிவின்படி மனைவியோடு வாழப் போதாதவராகிறார். ஓர் அரசு தன் வாயால் இரண்டு அளவைகளைக் கூறுமாயின், அவற்றுளொன்று அளவையன்று, வடிகட்டியேயாகும்.

சேமிப்பைக் காட்டி ஈடுசெய்யலாம் என்ற வழியும் உண்டு. வருமானம் எதுவுமின்றிச் சேமிப்பை மட்டும் காட்டுவதாயின் 88,500 பவுண் வேண்டும். அது 6 மாதம் விண்ணப்பகாரரின் கைவசமே இருத்தல் வேண்டும். கடனாகப் பெற்றதாக இருத்தலாகாது. இங்குதான் நம்மவரிடையே ஒரு வழக்கம் தலைதூக்குகிறது. உறவினர் பலர் சேர்ந்து பணத்தைக் கணக்கில் இடுவர். அன்பளிப்பு என்று கடிதமும் எழுதிக்கொடுப்பர். விசா கிடைத்ததும் திருப்பித் தரவேண்டும் என்பது வாய்ப்பேச்சாக இருக்கும். இதனைச் சாமர்த்தியம் என்று சொல்வோருண்டு. எழுத்தில் அன்பளிப்பு, மனத்திற் கடன் எனின் அது பொய்யன்றி வேறில்லை. கடனைக் கடனென்றே எழுதிவைக்குமாறு பணிக்கப்பட்ட சமூகம் இதனை இலேசாகக் கொள்ளுதல் தகாது. ஆனாற் பொய்யுரைத்தவர் யாவரும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவரல்லர். பிறர் பொருளைக் கவரப் பொய்யுரைப்பவனும் தன் மனைவியிடஞ் செல்லப் பொய்யுரைப்பவனும் ஒருவரோ? குற்றம் செய்தவருடையது. அக்குற்றத்துக்கு வாய்ப்பானதோர் இடுக்கை அமைத்தவருக்கும் அதிலொரு பங்குண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லவேண்டியவர்களாய் உள்ளோம்.

மலையகத்தை அண்டி வாழும் எமக்கு இத்தகைய விதிகள் புதியனவல்ல என்பதும் ஈண்டு நினைவுகூரற்பாலது. மடவளைக்கு அப்பாலுள்ள தோட்டங்களில் வாழ்ந்தோர் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். தொடர்ந்து வந்த 1949 ஆம் ஆண்டு 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், பிரஜாவுரிமை கேட்போரிடம் இரண்டு விடயங்களைக் கோரிற்று. தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் தாங்கத்தக்க வருமானமோ தொழிலோ உண்டெனக் காட்டுதல் ஒன்று. மணமானவராயின் மனைவியும் மணம்புரிந்த ஓராண்டுக்குள்ளிருந்து இடையறாது இந்நாட்டில் வதிந்தாளெனக் காட்டுதல் மற்றொன்று. பிள்ளைப்பேற்றுக்காகத் தமிழகத்துத் தாய்வீடு சென்ற மனைவியின் பயணம் கணவனின் உரிமையைத் தடுமாறச் செய்யும் நிலை இதனால் உண்டாயிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட, ஏறத்தாழ 1,34,000 பேரே பிரஜைகளாயினர். பின் 1964 அக்டோபர் 30 ஆந் திகதி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்களைத் தொகையாகப் பங்கிட்டது. அப்பங்கீட்டிற் குடும்பங்கள் இரு கரைகளிலும் சிதறின. வருமானமும் மனைவியின் வதிவும் ஒருவனின் உரிமையை அளக்கும் கோல்களாக இருந்த காலத்தை நாம் இலண்டனிலன்று, வத்தேகமையிலும் பன்விலையிலும் கண்டோம். 1948 நவம்பரில் அப்பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் நிறையுமுன், டிசம்பர் 10 ஆந் திகதி, மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம் குடும்பத்தைச் சமூகத்தின் இயல்பான அடிப்படை அலகென அறிவித்தது.

பிறரைக் குறைகூறுமுன் நம் வீட்டு முற்றத்தையும் பார்த்தல் வேண்டும். மணத்துக்கு விலைவைப்பது அரசுகள் மாத்திரமா? இஸ்லாமிய விவாகத்திலும் பணம் உண்டு, அது மஹர். கணவன் மனைவிக்கு அளிப்பது, அவளுக்கே உரியது, இரும்பு மோதிரமொன்றும் அதற்குப் போதுமெனக் கருதப்பட்டதை நபிமொழி வழி அறிகிறோம். அதற்கு நேர்மாறாகப் பெண்வீட்டாரிடம் பெறும் கைக்கூலி நம் சமூகத்தில் வேரூன்றியது. அதனை மீட்டுப்பெறும் உரிமை பற்றி 1951 ஆம் ஆண்டுச் சட்டமே பேசவேண்டியிருந்தது. வீடும் பணமும் இல்லையென்று பெண்களை வாயிலில் நிறுத்திய நாம், வருமானம் போதாதென்று வாயிலில் நிறுத்தும் அரசை நோக்கிக் கைநீட்டும்போது நம் கை சற்றே நடுங்கவேண்டும். ஏழ்மை மணத்துக்குத் தடையாகாது என்று திருக்குர்ஆன் நம்பிக்கையூட்டுகிறது. அதற்கு அடுத்த வசனமோ வசதி பெறாதவர் பெறும்வரை கற்புடன் பொறுத்திருக்கவேண்டும் என்கிறது. இவ்விரண்டிலும் வறியவனைப் பற்றிய இழிவு தொனிக்கவில்லை. பொறுத்திருக்கும் காலத்தைத் தீர்மானிப்பவனும் அவனே.

மைக்கேல் வால்சர் என்னும் அமெரிக்க அறிஞர் 1983 இல் வெளியிட்ட நீதியின் தளங்கள் பற்றிய நூலில், ஒவ்வொரு நன்மைக்கும் உரிய பங்கீட்டு முறை வேறு. சந்தையிற் செல்லும் பணம் பிற தளங்களிலும் ஆட்சி செய்யப் புகுவதே கொடுங்கோன்மை என்ற கருத்தை விளக்கினார். பதவியைப் பணத்துக்கு விற்பது ஊழல் எனின், இல்லறத்தைப் பணத்தால் அளப்பது என்ன? ஆயினும் நாட்டின் உறுப்புரிமையை நிச்சயிக்கும் உரிமை அந்நாட்டு மக்களுக்கே உரியது என்று வற்புறுத்தியவரும் அவரே. அவ்வுரிமையை மறுக்க நானும் முனையவில்லை. ஆனால் இங்கு வாயிலில் நிற்பவர் அந்நியர் ஒருவர் மாத்திரமல்லர். வாயிலுக்கு உள்ளே நின்று அழைப்பவர் அந்நாட்டின் சொந்தப் பிரஜை.

மனைவியோடு வாழ விரும்பின் அவள் நாட்டுக்குச் செல்லலாமே என்பது இதற்குக் கூறப்படும் விடை. 1985 மே மாதத்தில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அப்துல்அசீஸ் முதலிய மூன்று பெண்களின் வழக்கில், தம்பதியர் தெரிந்தெடுக்கும் நாட்டிலேயே அவர்களை வாழவிடும் பொதுக் கடமை அரசுக்கில்லை என்றது. மனைவியரை அழைப்பது எளிதாகவும் கணவன்மாரை அழைப்பது அரிதாகவும் இருந்த பாரபட்சத்தை மட்டும் பிழையெனக் கண்டது. பிரித்தானிய அரசு அப்பாரபட்சத்தை நீக்கிய முறை வேடிக்கையானது: கணவன்மாருக்கிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தாமல் மனைவியருக்கும் விரித்தது. சமத்துவத்தை இவ்வாறும் எய்தலாம் போலும்!

வருமான வரம்பு பற்றிய வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2017 பெப்ரவரியில் தீர்ப்பளித்தபோது வரம்பு கொள்கையளவிற் சட்டவிரோதமன்று எனக் கொண்டது; குழந்தைகளின் நலனை விதிகள் உரியவாறு கருதவில்லை என்பதையும், வருமானத்துக்கான பிற மூலங்களை அதிகாரிகள் கருத்திற்கொள்ளத் தடைவிதித்தமை பொருத்தமற்றது என்பதையும் சுட்டியது. அதற்கு ஈராண்டு முன்னர், இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளருக்காக 2015 இல் ஆக்கப்பட்ட ஆய்வு, இவ்விதியாற் பாதிக்கப்பட்ட சிறுவர் குறைந்தது 15,000 பேர் என மதிப்பிட்டிருந்தது. தாயையோ தந்தையையோ கணினித் திரையில் மட்டும் காணும் இவர்களது இல்லங்களை ஸ்கைப் குடும்பங்கள் என்று அவ்வறிக்கை பெயரிட்டது. கனடாவோ வாழ்க்கைத் துணையை மட்டும் அழைப்பவரிடம் பொதுவாக இத்தகைய வருமான எல்லையைக் கேட்பதில்லை. மூன்றாண்டு காலம் துணையின் தேவைகளைப் பார்த்துக்கொள்வேன் என்ற பொறுப்பேற்பையே பெறுகிறது. கடந்த காலச் சம்பளத்தைக் கேட்பதற்கும் வருங்காலப் பொறுப்பைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பின்னையது விவாகத்தின் இயல்போடு ஒத்தது. நிக்காஹ்வும் ஒரு பொறுப்பேற்பேயன்றி வருமான அறிக்கையன்று.

இன்னுமொன்று கூறவேண்டியுள்ளது. பிரித்தானிய விதியின்படி, வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் மனைவி தன் நாட்டில் உழைத்துப் பெறும் சம்பளம் 29,000 பவுணிற் சேர்க்கப்படுவதில்லை. மடவளையிலே பட்டதாரி ஆசிரியையாகப் பத்தாண்டு கற்பித்த ஒருத்தி ஆங்கிலத் தேர்விற் சித்தியடைய வேண்டும். காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்பு செல்லவேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் மற்றொரு விதமாகவும் எழுதப்பட்ட தன் பெயருக்குச் சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும். இத்தனையும் செய்யத் தகுதியுடையவளாகக் கருதப்படும் அவள், உழைக்கத் தகுதியுடையவளாக அக்கணக்கிற் கருதப்படுவதில்லை.