ஒரு டிகிரி

மூளைக்குள் பொருத்தும் சில்லை வடிவமைப்பவர்கள் அதன் வேகத்தைப் பற்றி மட்டும் கவலைப்படுவதில்லை. அது எவ்வளவு சூடாகும் என்ற கவலையும் தொடக்கத்திலிருந்தே கூட வருகிறது. சுற்றியுள்ள திசு ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு.

பக்கவாதத்தால் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கைகால் அசைக்க முடியாதிருந்த அமெரிக்கப் பெண் கேத்தி ஹட்சின்சன், 2011-இல் நினைப்பாலேயே இயந்திரக் கையை நகர்த்தித் தானாகக் காப்பி குடித்தார். அன்று அவர் மண்டையிலிருந்து கம்பி வெளியே வந்து கணினியோடு இணைந்தது. அந்தக் கம்பி வேண்டாமென்றால் சுற்றின் பெரும்பகுதி உடலுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதன் சூடும் உள்ளேதான் இருக்கும். ஆகவே மின்னழுத்தத்தைக் குறைக்கிறார்கள். வேலையில்லாத பகுதிகளை உறங்க வைக்கிறார்கள். தேவையான நரம்புத் துடிப்புகளை மட்டும் பிரித்து அனுப்புகிறார்கள். இங்கே உடல் வரம்பு வகுக்கிறது, இயந்திரம் பணிகிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியிலும் சுற்றுப்பலகைகள் பெண்களின் கைகள் வழியே நகர்கின்றன, மூளைக்காக அல்ல, கைபேசிகளுக்காக. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல், சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆலை நின்றது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12-இல்தான் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

இரண்டும் உடல்தான். ஒன்றுக்கு மட்டும் ஏன் முன்கூட்டியே வரம்பு? மூளை மென்மையானது என்பது முழு விடையல்ல. குடலும் முதுகும் கூட மென்மையானவைதான். மூளைக்கு மாற்று மூளை கிடையாது. ஆலையிலோ ஒருத்தி சோர்ந்தால் இன்னொருத்தியை அழைத்துவர ஒப்பந்ததாரர் இருக்கிறார். அப்படியானால் நம் அக்கறை உடலின் வலிக்கு அல்ல, அதை மாற்ற முடியாத சிரமத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. இதை அறம் என்று எப்படிச் சொல்வது?

நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்கள் சில வாரங்களுக்கேனும் தங்களை மாற்ற முடியாதவர்களாக்கிக் காட்டினார்கள். அதன் பிறகே அவர்களுடைய தட்டும் படுக்கையும் கணக்கில் வந்தன. நோயுற்ற பிறகு எழுதப்படும் வரம்பு காலம் கடந்தது. அவர்களைக் கேளாமல் எழுதப்படும் வரம்பும் முழுமையானதல்ல.

மின்னணுவியல் படிக்கும் மாணவிகளே, ஒரு சில்லுக்கு எத்தனை மில்லிவாட் என்று கணக்குப் போடும்போது, அதைக் கோக்கும் கைகளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மணி உறக்கம் என்றும் கேளுங்கள். அந்த எண்களைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தக் கைகளுக்கு உரியவர்கள்.