சாக்குக்குள் என்ன ரகம்?

ஐப்பசியில் குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வரும். தஞ்சைப் பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானி 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல் களத்திலேயே கிடக்க வேண்டியதுதான். தேறியதைத் தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, தைத்து அடுக்குவார்கள். எந்த நெல்லுக்கும் வேலை ஒன்றேதான். சன்ன ரகமா, பொது ரகமா என்பது மட்டும் பட்டியலில் மாறும். 2023-24இல் மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2203, 2183. வித்தியாசம் 20 ரூபாய்.

மென்பொருளில் ஜெனரிக் இன்டர்ஃபேஸ் என்பதும் இதுதான். செய்ய வேண்டிய வேலைகளை ஒரே தடவை எழுதிவிட்டு, ரகத்துக்கான இடத்தைக் காலியாக விடுவது. சன்ன ரகம் என்று நிரப்பியபின் பொது ரகத்தை அங்கே அடுக்கப் பார்த்தால் நிரல் கம்பைல் ஆகாது. ஜாவா மொழியில் 2004இல் ஜாவா 5 வரும்வரை இந்த வசதி கிடையாது. லிஸ்டுக்குள் போவதெல்லாம் வெறும் 'ஆப்ஜெக்ட்'. வெளியே எடுப்பவர்தான் "இது இன்ன ரகம்" என்று அடித்துச் சொல்ல வேண்டும். சொன்னது தப்பானால், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் கண்ணெதிரே விழும்.

வந்த வசதியும் முழுசாக வரவில்லை. பழைய நிரல்கள் கெட்டுவிடக் கூடாதென்று, கம்பைல் செய்யும்போதே ரகக் குறிப்பை ஜாவா அழித்துவிடுகிறது. வாசலில் அத்தனை கறார், கிடங்குக்குள் எல்லாம் பெயரில்லாச் சாக்கு. 2005இல் ஜெனரிக்கைச் சேர்த்த சி ஷார்ப் மொழி, ஓடும்போதும் குறிப்பை வைத்திருக்கிறது. அதற்காகப் புது கலெக்‌ஷன் வகுப்புகளைத் தனியே எழுத வேண்டியிருந்தது. பழையவையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

எங்கே சோதிப்பது என்று முடிவு செய்கிறவர், பிழை யார் தலையில் விழ வேண்டும் என்றும் சேர்த்தே முடிவு செய்கிறார். வாசலில் பிடித்தால் விவசாயி தலையில், விட்டுவிட்டால் ரேஷன் வரிசையில் நிற்பவர் தலையில். ஆனால் கம்பைலர் தடுத்தால் நிரலாளருக்குக் கொஞ்ச நேரம்தான் நஷ்டம். ஈரப்பதமானி தடுத்தால் குவியலிலேயே நெல் முளைத்துவிடும். 2022 அக்டோபரில் தமிழக அரசு 22 சதவீதம் வரை கேட்டது, டெல்லி 19 வரை விட்டுக்கொடுத்தது. நெல் காயவில்லை, விதி இளகியது. மழை பெய்த ஊரில் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

விதியைத் தளர்த்த நிரலாளருக்கு மழைகூட வேண்டாம். ரகத்தை உறுதி செய்ய முடியாத இடத்தில் ஜாவா கம்பைலர் எச்சரிக்கும். அதன் வாயை அடைக்க 'சப்ரஸ் வார்னிங்ஸ்' என்று ஒரு வரி போதும். அந்த வரியை எழுதுகிறவர்கள் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதி வையுங்கள். ஈர நெல்லுக்குத் தந்த தளர்வுக்குக்கூட ஓர் அரசு உத்தரவு இருந்தது.