எதுவரைக்கும் வந்து நிற்கிறது

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு நடக்கும் மாதங்களில், காயை உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பு படுத்துவிட்டால் அன்றைய உழைப்பு முழுவதும் தட்டில் காத்துக் கிடக்கும். பச்சைக்காயில் முக்கால் பங்குக்கும் மேலே ஈரம்தான். அது 10, 12 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். 50 டிகிரியை ஒட்டிய சூடு ஒரு நாளாவது விடாமல் இருந்தால்தான் பச்சை நிறம் நிற்கும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்துக்கு மாதிரி போகும்போது வியாபாரியின் கண் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறது.

*

முன்பு எல்லாம் விறகுதான். வெளியே அடுப்பு, உள்ளே தகரக் குழாய் வழியே சூடு. இன்றும் பல ஸ்டோர்களில் அப்படித்தான். விறகு அடுப்பு எரியாவிட்டால் காரணம் கண்ணுக்குத் தெரியும்: ஈர விறகு, அடைத்த புகைப்போக்கி. கேஸ் பர்னர் தன் காரணத்தை உள்ளே வைத்துக்கொண்டு பேசாமல் நின்றுவிடும்.

*

போடியிலிருந்து ஜீப்பில் ஏறி வரும் வயதான மெக்கானிக் ஒருவர் சொன்னது: “ஏன் எரியலைன்னு கேக்காதீங்க தம்பி. எதுவரைக்கும் வந்து நிக்குதுன்னு பாருங்க.”

இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. பர்னருக்கு ஒரு வரிசை உண்டு. சூடு குறைந்ததைத் தெர்மோஸ்டாட் சொல்ல வேண்டும். காற்றாடி சுழன்று உள்ளே தேங்கியதை வெளியே தள்ள வேண்டும். காற்று ஓடுகிறது என்று பிரஷர் சுவிட்ச் ஒப்புக்கொண்ட பிறகுதான் பொறி, பொறிக்குப் பிறகு கேஸ் வால்வு. சில நொடிகளில் சுடர் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டு சிவப்பு விளக்கு எரியும். ரீசெட் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்குவதால் பயனில்லை. பக்கத்தில் நின்று காது கொடுத்தால் எந்தப் படியில் சத்தம் நிற்கிறது என்று தெரியும்.

*

பழைய பர்னர்களில் பொறியும் இல்லை, மின்பலகையும் இல்லை. ஒரு சின்ன பைலட் சுடர், அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் நுனியளவு தெர்மோகப்பிள். இரண்டு உலோகங்கள் சேரும் அந்த முனை சூடேறினால் 25, 30 மில்லிவோல்ட் பிறக்கும். டார்ச் பேட்டரி ஒன்றின் ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய மின்சாரம்தான் உள்ளே காந்தத்தைப் பிடித்து வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. குமிழை அமுக்கியிருக்கும்வரை சுடர் நிற்கிறது, கையை எடுத்தால் அணைகிறது என்றால் பார்வை முதலில் இங்கே போகட்டும். முனையில் கரி படிந்திருக்கலாம், நட்டு தளர்ந்திருக்கலாம், சுடர் சற்றே விலகி முனையைத் தொடாமல் ஆடலாம்.

சிலர் இந்தக் காவலையே ஒயர் போட்டு ஏமாற்றிவிடுவார்கள். ஒரு நாள் காய் தப்பும். அணைந்த அடுப்பில் கேஸ் வந்துகொண்டே இருக்கும் இரவு ஒன்றும் அதோடு வரும். ஸ்டோரில் படுத்திருப்பவர் தொழிலாளிதான். எவ்வளவு அவசரம் என்றாலும் இதை மன்னிக்க முடியாது.

*

கோடையில் சும்மா கிடந்த பர்னரின் தொண்டையில் சிலந்தி கூடு கட்டும். கேஸோடு காற்று கலக்கும் இடம் அது. ஒரு நூலாம்படை போதும். சுத்தம் செய்கிறேன் என்று, கேஸ் வரும் ஜெட் துளையைக் கம்பியால் குத்துவது தவறு. துளை பெரிதானால் பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது; ஜெட்டை மாற்ற வேண்டியதுதான்.

*

மூடுபனி நாட்களில் பொறி வழி தவறும். பொறிக் கம்பியின் பீங்கான் உறையில் ஈரம் படிந்தால், அல்லது மயிரிழை விரிசல் இருந்தால், பொறி நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் இரும்புக்குத் தாவிவிடும். கேஸை அடைத்து, உள்ளே வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விளக்கை அணைத்துப் பார்த்தால் நீலமாக அது தாவும் இடம் தெரியும். பீங்கானைத் துடைத்தால் கறுப்பு ரேகை ஒன்று மிஞ்சும்.

*

மலைக்கும் சில குணங்கள். போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் உயரம்; சமவெளியைவிட காற்று ஏறக்குறைய 15 விழுக்காடு மெல்லியது. கீழே டியூன் செய்த பர்னர் மேலே வந்ததும் மஞ்சளாக எரிந்து கரி கக்கும். காற்றுத் திறப்பைக் கூட்டி வைக்க வேண்டும். சிலிண்டருக்கும் குளிர் உண்டு. ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் திரவம் ஆவியாகும்போது தானே குளிர்ந்து, அடிப்பக்கம் வெண்பனி பூக்கும், அழுத்தம் விழும். அதன் அருகே நெருப்பு வைக்கவே கூடாது. கூடுதல் சிலிண்டர்களைச் சேர்த்து இணைப்பதே வழி.

*

ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் ஐந்து நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, அடுப்புக் குழியில் தேங்கும். முகர்வதானால் குனிந்து, தரையை ஒட்டி முகர வேண்டும். வாடை இருந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே நிற்பதே வேலை. ஈரக்காய் மேல் உள்ள கவலையால் அந்த ஐந்து நிமிடம் நீளமாகத் தெரியும். ஆனால் யோசனை ஓடுவதும் அப்போதுதான்: பொறி வந்ததா, வால்வு சொடுக்கியதா, சுடர் வந்து அணைந்ததா.

*

நன்றாகப் பற்றி, பத்து நிமிடம் எரிந்து, பிறகு அணைந்தால் அது வேறு கணக்கு. சூடு மிஞ்சியதால் லிமிட் சுவிட்ச் அறுத்திருக்கும். அப்போது கேஸ் பக்கம் தேடிப் பயனில்லை. காற்றாடியின் பெல்ட் வழுக்குகிறதா, தட்டுகளில் காயை அளவுக்கு மேல் நெருக்கிப் பரப்பியிருக்கிறார்களா, மேல் திறப்பு மூடியே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.