வாசற்படியில் ஒரு வினா

பிறர் இல்லத்துள் நுழையும்போது அவ்வீட்டாரின் வழக்கத்துக்கு நம்மை உட்படுத்திக்கொள்வது பண்பாடா, பாசாங்கா? உள்ளத்தில் ஊன்றாத ஒன்றை உடலால் செய்துகாட்டுவது ஒருவகைப் பொய்யாகாதா? ஜப்பான் நாட்டுக்குச் செல்லும் அயல்நாட்டுப் பயணி இவ்வினாவை முதல் வீட்டின் வாசலிலேயே சந்திக்கின்றார்.

ஜப்பானிய இல்லத்தின் நுழைவிடத்தைக் 'கெங்கன்' என்பர். அது வீட்டுத் தரையைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். அங்கே காலணியைக் கழற்றி, அதன் முனை வாசலை நோக்கியிருக்குமாறு திருப்பி வைத்துவிட்டு மேலே ஏறவேண்டும். மரத்தரையில் நடக்க வீட்டாரே மெல்லிய செருப்புத் தருவர். கோரைப்பாய் வேய்ந்த 'தத்தாமி' அறையின் வாசலில் அதனையும் கழற்றிவிட வேண்டும். கழிப்பறைக்கென வேறு செருப்பு உண்டு. ஒரு வீட்டுக்குள் இத்தனை எல்லைகளா என்று பயணி மலைக்கின்றார். ஆனால் காலணியை வாசலில் விட்டு உள்ளே செல்லும் பழக்கமுடைய நமக்கு இதன் பொருள் விளங்காமற்போகாது. வெளியுலகின் புழுதியை வாசலிலேயே விட்டு வருக என்று அவ்வீடு நம்மிடம் கேட்கின்றது.

இவ்வாறே ஒவ்வொரு வழக்கத்தின் அடியிலும் ஒரு மனிதர் இருக்கின்றார். குளியல் தொட்டியில் இறங்குமுன் வெளியே அமர்ந்து உடலை நன்கு தேய்த்துக் கழுவிக்கொள்ளவேண்டும். ஏனெனில் அதே வெந்நீரில் அடுத்து இன்னொருவர் இறங்குவார். உணவுக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைத்தலாகாது. இறந்தோருக்குப் படைக்கும் சோற்றில்தான் அவ்வாறு நடுவர். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் தம் குச்சியால் உணவை வாங்குதலும் ஆகாது. உடலை எரித்தபின் உறவினர் எலும்புகளைக் குச்சிகளால் ஒருவர்க்கொருவர் மாற்றியெடுத்துக் கலத்தில் இடுவர். அந்தத் துயரச் செயலை உணவு மேசையில் நினைவூட்டலாகாது என்பதே காரணம். அறியாது செய்யும் அயலாரை ஜப்பானியர் பொறுத்துக்கொள்வர். எனினும், பொறுத்துக்கொள்கிறார்களே என்பதற்காகக் கற்றுக்கொள்ளாதிருப்பது நமக்கு அழகாகுமா?

இங்கே ஒரு குற்றச்சாட்டு எழுவதுண்டு. ஜப்பானியர் 'ஹொன்னே' என்று உள்மனத்தையும், 'தத்தேமாயே' என்று வெளியே காட்டும் முகத்தையும் பிரித்துச் சொல்வர். இதைக் கேட்டறிந்த பயணிகள் சிலர், இம்மக்களின் பணிவெல்லாம் முகமூடியே என்று முடிவு கட்டிவிடுகின்றனர். துயரில் இருக்கும் ஒருவர் விருந்தினர்முன் முறுவலுடன் அமர்ந்திருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பொய்யர் ஆவாரா? தம் சுமையை வந்தவர் தோளில் ஏற்றலாகாது என்னும் கனிவு அம்முறுவலில் இருக்கக்கூடும். எனினும் இதற்கொரு விலை உண்டென்பதையும் மறைக்கலாகாது. இணக்கத்தைக் காப்பதற்காகச் சொல்லவேண்டிய உண்மை சொல்லப்படாமலே போகும்போது, அதே பண்பு ஒருவரைத் தனிமைச் சிறையில் அடைத்தும் விடலாம்.

இவ்வினாவை நமக்கு முன்பே எதிர்கொண்டவர் உண்டு. முத்துக்குளித்துறையில் நம் முன்னோரிடையே நடமாடிய புனித சவேரியார் 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ககோஷிமாவில் கரையிறங்கினார். எளிய உடையில் கால்நடையாகச் சென்ற அவருக்குத் தலைநகரில் கதவுகள் திறக்கவில்லை. 1551இல் அவர் யமகுச்சிக்குத் திரும்பியபோது நல்லுடை அணிந்து, ஆளுநரின் மடலும் கடிகாரம் முதலிய பரிசுப்பொருள்களும் ஏந்திச் சென்றார். அந்நகரை ஆண்ட ஒவுச்சி யோஷித்தகா போதிக்க இசைவளித்ததோடு தங்க இடமும் தந்தார். ஏழ்மையை நேசித்த அம்மனிதர் பட்டுடுத்தியது பாசாங்கா? தம் வறுமையையே பிறர்மீது திணித்தல் ஆகாது என்று அவர் கற்றுக்கொண்டார் என்றே நாம் எண்ணுகின்றோம். 1579இல் அங்கு வந்த இயேசு சபை மேற்பார்வையாளர் வலிஞ்ஞானோ இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஜப்பானிய மரியாதை முறைகளைக் குறித்து 1581இல் அவர் தம் துறவியருக்கு ஒரு நெறிநூலே வகுத்தார். துறவியர் இல்லங்களில் விருந்தினருக்குத் தேநீர் வழங்கும் அறையும் இருக்கவேண்டும் என்று பணித்தார்.

அப்படியாயின், எல்லா வழக்கத்துக்கும் வளைந்துகொடுப்பதே அறம் ஆகுமா? இதே நாட்டின் வரலாறு இக்கேள்வியை மிகக் கொடிய முறையில் எழுப்பிற்று. 1597ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டு மறைசாட்சியராயினர். 1614இல் கிறிஸ்தவம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. பின்னர், ஐயத்துக்குரியோரைக் கண்டறிய 'ஃபுமியே' என்றொரு முறை வந்தது. இயேசுவின் அல்லது அன்னை மரியாவின் உருவத்தைத் தரையில் வைத்து அதன்மேல் காலூன்றி நிற்கச் செய்தனர். நாகசாகியில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இது ஆண்டுதோறும் நிகழ்ந்தது. மிதிப்பது கால்தானே, உள்ளம் அன்றே என்று ஒருவர் தம்மைத் தேற்றிக்கொள்ள அங்கே இடமிருந்தது. மறுத்தோர் பலர் உயிரையே விலையாகக் கொடுத்தனர். மிதித்தோரும் பலர்.

மிதித்தவர்களைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. அவர்களுள் பலர் வீடு திரும்பியபின் செய்ததை மட்டும் எண்ணிப் பார்ப்போம். பாவமன்னிப்பு அளிக்கக் குருக்கள் எவரும் இல்லாத அந்நாள்களில், அவர்கள் 'கொஞ்சிரிசான்' என்னும் மன்றாட்டை மறைவாகச் சொல்லி அழுதனர். நம் பாட்டிமார் உத்தம மனஸ்தாப மந்திரம் என்று சொல்லிவந்ததற்கு ஒப்பானது அது. புறச்செயலுக்குப் பொருளே இல்லையென்றால் அந்தக் கண்ணீருக்கு என்ன வேலை? கால் செய்ததை உள்ளம் அறிந்திருந்தது. 1865ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் உரகாமி சிற்றூர் மக்கள் சிலர் நாகசாகியில் புதிதாக எழுந்த ஆலயத்துக்கு வந்து, தங்கள் உள்ளமும் தம் உள்ளமும் ஒன்றே என்று அருள்தந்தை பெத்திஷானிடம் மெல்லக் கூறினர். ஏழு தலைமுறைகள் பொத்திக் காத்த உள்மனம் அன்று வாய்திறந்தது. தடை நீங்கியதோ 1873இல்தான்.

ஆகவே உடலின் செயல் வெறும் கூடு அன்று. அதுவும் ஒரு மொழியே. வாசலில் காலணியைக் கழற்றுபவர், உம் இல்லம் எனக்கு மதிப்புக்குரியது என்று காலால் பேசுகின்றார். அதைச் சொல்வதால் அவர் எதையும் இழப்பதில்லை. உருவத்தை மிதிக்கச் சொன்னவர்களோ, அன்புக்குரிய ஒருவரை மறுதலிக்கும் சொல்லைக் காலிடமிருந்தே பறிக்க முயன்றனர். ஒன்று விரும்பித் தரும் மரியாதை. மற்றது அச்சுறுத்திப் பெறும் மறுப்பு. அயல்நாட்டின் வழக்கம் ஒன்றைக் காணும்போது, இதைச் செய்வதால் யாரை மதிக்கின்றோம், யாரையேனும் மறுக்கின்றோமா என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் வழி தெளிந்துவிடும். கோயில் ஒன்றில் பிறர் வழிபடும்போது, தம் நம்பிக்கை இடங்கொடாத பயணி கைதட்டி வணங்கவேண்டியதில்லை. தலைதாழ்த்தி அமைதியாக நிற்றல் போதும்.

நாம் ஜப்பானுக்குச் செல்லாமலும் போகலாம். ஆனால் நம் தெருவிலேயே நம்முடையதல்லாத வழக்கங்களைக் கொண்ட வீடுகள் உண்டு. அவற்றின் வாசலில் நாம் எதைக் கழற்றி வைக்கின்றோம், எதைக் கழற்றாமலே உள்ளே செல்கின்றோம் என்று ஒருமுறை குனிந்து பார்ப்போமாக.