மறைபடமும் சற்காரியவாதமும்

ஒரு விளைவு தோன்றுமுன் தன் காரணத்துக்குள் இருந்ததா, புதிதாகப் பிறந்ததா என்னும் வினாவில் இந்தியத் தத்துவ மரபுகள் இரு பக்கமாக நின்றன. உள்ளதே தோன்றும், இல்லது ஒருநாளும் தோன்றாது என்னும் சற்காரியவாதத்தைச் சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஏற்க, குடம் மண்ணில் முன்பு இல்லாத புதுப்பொருளே என்னும் அசற்காரியவாதத்தை நியாய வைசேடிகர் நிலைநாட்டினர். மண்ணும் குடமுமே இவ்வழக்கில் நெடுங்காலமாகச் சான்று சொல்லிவந்தன. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் அவற்றினும் நுட்பமான சான்று.

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே எழும் கொல்லிமலையை இரட்டை லென்ஸ் கேமராவில் எடுப்பவர், கருவியை வயிற்றருகே பிடித்துத் தலைகுனிந்து, மேலுள்ள சொரசொரப்பான கண்ணாடியில் மலையைக் காண்கிறார். உள்ளிருக்கும் ஆடி இடவலத்தை மாற்றிவிடுவதால், வடக்கே போகும் மேகம் அதில் தெற்கே போகிறது. 120 எனப்படும் அகலச் சுருளில் 6 சென்டிமீட்டர் சதுரப் படங்கள் 12 மட்டுமே அடங்கும். ஷட்டர் திறந்து மூடும் நொடிப்பின்னத்தில் ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகளுக்குள் ஒருசில வெள்ளி அணுக்கள் பிரிந்து சேர்கின்றன. அதற்குமேல் சுருளில் கண்ணுக்குப் புலப்படும் மாற்றம் எதுவும் இல்லை. புலப்படாத இப்பதிவே மறைபடம். பின்னர் இருட்டில் ஊற்றப்படும் டெவலப்பர் என்னும் கரைசல், அவ்வணுக்களைக் கொண்ட துகளை மட்டும் முழு வெள்ளியாக்கிக் கறுக்கச் செய்கிறது.

டெவலப்பர் ஊற்றுமுன் அச்சுருளில் மலை இருந்ததா? இல்லை எனின், கொல்லிமலையைக் கண்டறியாத கரைசல் இந்தத் துகளைக் கறுப்பாக்கி அடுத்ததை விட்டுவிடுவது ஏன் என்ற சித்தாந்தியின் கேள்விக்கு விடை கிடைப்பது அரிது. ஆயினும் மண்குட உவமை இங்கு முழுதும் பொருந்தாது, ஏனெனில் கடையில் வாங்கிய புதுச்சுருளில் எந்த மலையும் இல்லை. சார்ந்ததன் வண்ணமாகும் ஆன்மாவுக்குச் சித்தாந்தம் காட்டும் பளிங்கும் ஓரளவே உதவும். அருகே வைத்த மலரை விலக்கினால் பளிங்கு அதன் நிறத்தை இழக்கும், சுருளோ மலையை விட்டு அகன்றபின்னும் அதைச் சுமக்கிறது. செய்த வினை, பயன்தரும் காலம் வரை புலனாகாமல் தங்கியிருப்பதைச் சஞ்சிதம் என்பர். மறைபடத்துக்கு மிக நெருங்கியது அக்கருத்தே.

கறுத்த துகள்களுக்கிடையே ஒளி தீண்டாத உப்பு எஞ்சியிருக்கும். அதை அப்படியே வெளிச்சத்தில் விட்டால் நாளடைவில் அதுவும் கறுத்துப் படத்தை மூடிவிடும். 1819இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தபடி, ஹைப்போ என்னும் உப்புக்கரைசல் அதைக் கரைத்து நீக்குகிறது. படம் நிலைபெறுவது ஒன்றைச் சேர்ப்பதால் அன்று, நீக்குவதால். உயிரை மறைக்கும் ஆணவ மலம் அழியாது, அதன் வலிமை மட்டுமே குன்றும் என்னும் சித்தாந்தத்தைவிட, அடைவதற்குப் புதிதாக ஏதுமில்லை, விலக்குவதே வேண்டும் என்னும் அத்வைதத்துக்கே இது அணுக்கமானது. அந்நெறியில் நின்ற சுயம்பிரகாச அவதூதரின் சமாதி சேந்தமங்கலத்திலேயே உள்ளது. அவதூதர் என்ற சொல்லுக்கே அனைத்தையும் உதறியவர் என்று பொருள், அவர் ஆடையையும் உதறியவர். ஹைப்போவில் அமிழ்ந்த சுருளின் பால்நிற மங்கல் சில நிமிடங்களில் தெளிகிறது. வானம் இருந்த இடம் கறுத்து நிற்க, மலையின் இருண்ட பள்ளத்தாக்குகள் இருந்த இடத்தில் வெறும் கண்ணாடித் தெளிவே மிஞ்சுகிறது.