உடன்பிறந்த இரைச்சல்

கருவியில் ஒரு குறை தெரிந்தால், அது வெளியிலிருந்து வந்து ஒட்டியது, முயன்றால் நீக்கிவிடலாம் என்றே பொறியாளர் எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அது பலிக்கவும் செய்கிறது. சைவ சித்தாந்தம் இவ்வளவு எளிதாக நம்பிவிடுவதில்லை. மாயையும் கன்மமும் வந்து சேர்ந்த ஆகந்துக மலங்கள். ஆணவமோ செம்பில் களிம்புபோல உயிரோடு அநாதியாகவே இருக்கும் சகச மலம் என்கிறது. குறைகளை இப்படி இரண்டாகப் பிரிப்பது ஆன்மாவைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே உரியதா? கண்ணாடி இழையில் ஓடும் ஒளியைப் பெருக்கும் எர்பியம் பெருக்கியைப் பார்த்தால், பௌதிகத்துக்கும் அந்தப் பிரிவினை தேவைப்படுகிறது என்றே சொல்வேன்.

நல்ல இழையிலும் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் இழப்பு உண்டு. 80 கிலோமீட்டர் கடந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். 1987-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழுவும், பெல் ஆய்வகத்தில் எம்மானுவேல் தெசுர்வீரும் சகாக்களும் இதற்கு வழி காட்டினார்கள். எர்பியம் கலந்த சில மீட்டர் இழையை லேசரால் கிளர்த்தி வைத்தால், வந்துசேரும் ஃபோட்டான் ஓர் அயனியைத் தூண்ட, அச்சு அசலாக அதைப் போலவே இன்னொன்று பிறக்கிறது. ஆனால் தூண்டுதலுக்குக் காத்திராமல் தானாக ஒளி உமிழும் அயனிகளும் உண்டு. அந்த ஒளியும் வழியிலேயே பெருகி இரைச்சலாகிறது. இழைகளை உருக்கி ஒட்டும் இடத்தில் இழப்பு, எதிரொளிப்பு, அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும் பெருக்கம் ஆகியவற்றை எல்லாம் பெரிதும் அடக்கிவிட்டார்கள். 1480 நானோமீட்டர் லேசருக்குப் பதில் 980 நானோமீட்டர் லேசரை வைத்து ஏறக்குறைய எல்லா அயனிகளையும் கிளர்நிலைக்கு ஏற்றியும் பார்த்தாயிற்று. அப்படியும் பெருக்கம் அதிகமானால் இரைச்சல் எண் 3 டெசிபெல்லுக்குக் கீழே இறங்குவதில்லை. சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பாதியாகிவிடுகிறது. பெருக்கத்தைத் தரும் அதே கிளர்நிலைதான் இரைச்சலையும் தருகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க இடமில்லை.

இன்றைய தொழில்நுட்பத்தின் போதாமையைத் தத்துவமாக்குகிறோம் என்று ஒருவர் மறுக்கலாம். 1982-இல் பௌதிக அறிஞர் கார்ல்டன் கேவ்ஸ் காட்டியது வேறு: ஒளியலையின் கட்டத்தை (phase) பாராமல் பெருக்கும் எந்தக் கருவியும், எதனால் செய்ததானாலும், இரைச்சலைச் சேர்த்தே தீர வேண்டும் என்பது குவாண்டம் விதி. அறிவியல் சித்தாந்தத்தை நிரூபித்துவிட்டது என்று இதைக் கொண்டாடவும் வேண்டாம். இழைக்கு உயிருமில்லை, அருளுமில்லை. நான் கடன் வாங்குவது, ஒரு குறை வந்து ஒட்டியதா, உடன்பிறந்ததா என்ற கேள்வியை மட்டுமே.

வலுவான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. கட்டத்தைப் பார்த்துப் பெருக்கும் கருவிகள் ஆய்வகத்தில் 3 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கியிருக்கின்றன. உண்மைதான். ஆனால் அவை அலையின் ஒரு கூற்றைப் பெருக்கி மறு கூற்றை ஒடுக்குகின்றன. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்று சித்தாந்தம் சொல்வதும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான். அதற்குமேல், எந்தக் கூற்றைப் பெருக்குவது என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். நெடுந்தூரம் வந்த ஒளியின் கட்டமோ ஓயாமல் நழுவும். பெருக்கியின் லேசரைச் சமிக்ஞையோடு விடாமல் பூட்டிவைக்க வேண்டும். அந்தப் பாடு படுவதைவிட 3 டெசிபெல்லைக் கொடுத்துவிடலாம் என்று, கடலடி கேபிள்களில் இன்றும் பெரும்பாலும் எர்பியத்தையே வைக்கிறார்கள்.