கொண்டைக்கு முதுகு கொடுத்தவர்கள்

எந்த ஊர் ஃபேன்சி ஸ்டோரிலும் கிளிப்புகள் தொங்கும் அட்டையில் ஒரு நிறம் தவறாமல் இருக்கும். தேன் நிறத்தின் மேல் கரும்பழுப்புத் திட்டுகள் படர்ந்து, விளிம்பில் கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவும் நிறம். கிளட்சர், ஹேர்பேண்ட், அகலப் பல் சீப்பு, காதோரம் செருகும் சின்ன சீப்பு என எல்லாவற்றிலும் அது உண்டு. கறுப்புக் கூந்தலில் உறுத்தாது, எந்தப் புடவைக்கும் ஒத்துப்போகும், அழுக்குத் தெரியாது என்று வாங்குபவர்கள் காரணம் சொல்வார்கள். மூன்றும் சரியான காரணங்கள். ஆனால் அந்த நிறம் பிறந்த காரணம் வேறு. அது ஒரு கடல் உயிரின் முதுகு.

அந்த உயிரை நம் கடற்கரையில் அழுங்காமை என்பார்கள். பருந்தின் அலகு போல வளைந்த வாய். பவளப்பாறை இடுக்குகளில் கடற்பஞ்சுகளைக் கொத்தித் தின்னும். அந்தப் பஞ்சுகளில் பல நஞ்சுள்ளவை என்பதால் ஆமையின் இறைச்சியும் சில வேளை நஞ்சாகிவிடும். மன்னார் வளைகுடாப் பகுதியில் அதைத் தின்று மாண்டவர்கள் உண்டு. ஆக, அதன் சதை மனிதனிடமிருந்து அதை ஓரளவு காப்பாற்றியது. முதுகுதான் கைவிட்டது. மற்றக் கடலாமைகளின் ஓட்டுத் தகடுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்க, இதன் முதுகில் பதின்மூன்று பெரிய தகடுகள் கூரை ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். தடித்தவை, தனித்தனியே கழற்றத் தோதானவை.

கூந்தலைப் பிடிக்கும் பொருளைச் செய்கிறவனுக்கு அந்தத் தகட்டை விட நல்ல பொருள் கிடைப்பது அரிது. சீப்பின் பல் முடிக்குள் நுழையும்போது வளைய வேண்டும். நுழைந்தபின் பழைய நிலைக்குத் திரும்பி அழுத்த வேண்டும். உருவும்போது ஒரு மயிரையும் பிய்க்கக் கூடாது. மரம் முறியும். உலோகம் கனக்கும். ஆமைத் தகடு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் நகமும் அதே வகைப் பொருள்தான். கொதிநீரில் இட்டால் இளகும், அச்சில் வளைத்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். இரண்டு துண்டுகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்தால் பசையில்லாமலே ஒன்றாகும், இணைப்புத் தெரியாது. இத்தனை குணங்களோடு அந்த நிறமும் சேர்ந்தபோது ஆமைக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

இது பழைய வணிகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேடு, சேரர் துறைமுகமான முசிறியில் கப்பலேறிய சரக்குகளின் பட்டியலில் மிளகு, முத்து, தந்தத்தோடு ஆமை ஓட்டையும் சேர்க்கிறது. இலங்கைத் தீவின் சரக்குகளிலும் அது உண்டு. மிளகுக்கு ஈடாக வந்த பொன்னைப் பற்றி நாம் நிறையப் பெருமை பேசியிருக்கிறோம். ஆமையைப் பற்றிப் பேச்சில்லை.

தகட்டை எப்படிக் கழற்றினார்கள் என்பதைச் சொல்லும் குறிப்பு இலங்கையிலிருந்தே கிடைக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் அங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னென்ட் 1859இல் வெளியிட்ட நூலில் அதை எழுதியிருக்கிறார். செத்து அழுகிய ஆமையிலிருந்து எடுத்தால் தகட்டின் நிறம் பால் கலந்தது போல மங்கிவிடும். அதனால் முட்டையிடக் கரையேறும் ஆமைகளைப் பிடித்து, உயிரோடு நெருப்பின் மேல் தொங்கவிடுவார்கள். சூட்டில் தகடுகள் எலும்பை விட்டுப் பெயர்ந்து வரும். பிறகு ஆமையைக் கடலுக்குள் விட்டுவிடுவார்கள். கொல்லவில்லை அல்லவா என்ற நிம்மதி அதில் யாருக்காவது இருந்திருக்கக்கூடும்.

அப்படி வந்த தகடு இலங்கையின் காலி நகரத்துப் பட்டறைகளில் சீப்பானது. கரையோரச் சிங்கள ஆண்கள் நீண்ட முடியைக் கொண்டையிட்டு, உச்சியில் பிறை வடிவில் வளைந்த ஆமையோட்டுச் சீப்பை அணிந்தார்கள். முதலியார் பதவிக்காரர்கள் பின்னால் உயரமான இன்னொன்றையும் செருகிக்கொண்டார்கள். கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியர்கள் ஆணா பெண்ணா என்று குழம்பியதைப் பயணக் குறிப்புகளில் வேடிக்கையாக எழுதினார்கள். அதே கையோடு காலியில் ஆமையோட்டுச் சாமான்களை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடலின் மறுகோடியில், தென்னமெரிக்காவின் புவெனஸ் அயர்ஸ் நகரத்தில் 1830களில் இந்தச் சீப்பு வெறியாகவே ஆனது. ஸ்பெயினிலிருந்து வந்து பட்டறை வைத்த மானுவெல் மஸ்குலினோ, ஸ்பானியப் பெண்கள் செருகும் சீப்பை விசிறியாக விரித்து, தோள்களுக்கு வெளியே நீளும் அளவுக்குப் பெரிதாக்கினார். தெருவில் எதிரெதிரே இரண்டு பெண்கள் வந்தால் ஒதுங்க இடமில்லை, நாடகக் கொட்டகையில் பின்னால் இருப்பவருக்கு மேடை தெரியவில்லை என்று செசார் பாக்லே 1834இல் கேலிச் சித்திரங்கள் அச்சிட்டார். அம்மாகாண ஆளுநர் ஹுவான் மானுவெல் டி ரோசாஸின் ஆட்சி இறுகியபோது அவருடைய உருவமும், கூட்டாட்சி இல்லையேல் சாவு என்ற முழக்கமும் சீப்பில் ஏறின. சாவை அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கி அழகாகத் தலையில் சூட வைத்தது சிறந்த வேலைப்பாடுதான்; மறுப்பதற்கில்லை.

ஜப்பானில் எடோ காலத்து அரசு ஆடம்பரத்தை ஒடுக்க விலையுயர்ந்த தலையணிகளுக்குத் தடை போட்டது. அழுங்காமைத் தகட்டை விற்றவர்கள், இது சாதாரண நன்னீர் ஆமையின் ஓடு என்று சொல்லித் தொடர்ந்து விற்றார்கள் என்பார்கள். அதிகாரிகளின் வீட்டிலும் கொண்டை போடும் பெண்கள் இருந்தார்கள். சட்டத்துக்கு அது புரிந்திருக்கும்.

இந்தக் கதையில் மீட்பராக வந்தது செல்லுலாய்ட். தந்தத்துக்கு மாற்றான பில்லியர்ட்ஸ் பந்தைத் தேடிப் புறப்பட்ட அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹையட், நைட்ரேட் ஏற்றிய பருத்தியையும் கற்பூரத்தையும் பிசைந்து, சூட்டில் குழைந்து குளிரில் இறுகும் பொருளைச் செய்து 1870இல் காப்புரிமை பெற்றார். பந்தைவிடச் சீப்பாகவே அது அதிகம் சோபித்தது. தேன் நிறக் கூழும் பழுப்புக் கூழும் கலந்து தகடாக உருட்டினால் ஆமையின் முதுகு கிடைத்தது. உண்மையான தகட்டில் திட்டுகள் எங்கே விழும் என்பது ஆமையின் இஷ்டம். இதில் முதலாளியின் இஷ்டம். விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வந்து திமிங்கிலத்தைக் காத்தது போல, செல்லுலாய்ட் வந்து யானைக்கும் ஆமைக்கும் ஓய்வு கொடுத்துவிட்டது என்ற பொருளில் 1878இல் அதைத் தயாரித்த நிறுவனத்தின் துண்டு நூல் பெருமைப்பட்டது.

அந்த ஓய்வுக்கு யார் வேலை செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். கற்பூரத்தைத் தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஏற்றினால் மிச்சமில்லாமல் எரியும் என்பதற்காகவே நாம் அதைத் தட்டில் வைக்கிறோம். நைட்ரேட் ஏற்றிய பருத்தி வெடிமருந்துக்கு உறவு. இரண்டும் சேர்ந்த பொருளை அறுத்துப் பல் வெட்டும்போது பட்டறை முழுக்கத் தூளும் சீவலும் பறக்கும். ஒரு பொறி போதும். அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் சீப்புப் பட்டறைத் தீவிபத்துகள் தொழிலின் அங்கமாகவே இருந்தன. பிரான்ஸின் ஜூரா மலைப்பகுதியில் சீப்புக்கே பெயர்போன ஒயோனா ஊரில், 1905 வாக்கில் கைவினைஞர்களுக்கு இடமும் மின்விசையும் வாடகைக்குத் தர எழுந்த பெரிய கூடத்தைக் காங்கிரீட்டில் கட்டியதற்குக் காரணம் கட்டடக்கலை ஆசை மட்டுமல்ல; அச்சம்.

கற்பூரமோ தைவான் மலைக்காடுகளிலிருந்து வந்தது. 1895இல் தீவைக் கைப்பற்றிய ஜப்பான் 1899இல் கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. கற்பூர மரங்கள் நின்ற காடுகள் அட்டயல் முதலிய மலைக்குடிகளின் நிலம். காவல் அரண்களும் மின்கம்பி வேலிகளும் ஆண்டுக்கு ஆண்டு மலைமேல் ஏறின; 1910 முதல் 1915 வரை படையெடுப்பே நடந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் மரம் முக்கியமான காரணம். பாரிஸிலும் பாஸ்டனிலும் தலையில் செருகிய பொய் ஆமையோட்டுக்குள் அந்த மலைகளின் கற்பூரம் இருந்தது. வாசனை கொஞ்சம் வந்திருக்கும்.

சரி, ஆமையாவது பிழைத்ததா? வணிகப் பதிவுகளை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 1844 முதல் 1992 வரை ஏறத்தாழ 90 லட்சம் அழுங்காமைகள் ஓட்டுக்காகக் கொல்லப்பட்டன என்று கணக்கிடுகிறது. செல்லுலாய்ட் வந்து நூறாண்டுக்கு மேலும் வேட்டை நடந்திருக்கிறது. இதில் விந்தை ஒன்றும் இல்லை. போலி மலிவாகக் கிடைக்கக் கிடைக்க அந்த நிறத்தின் மீதான ஆசை வீதிக்கு வந்தது; வீதிக்கு வந்த பிறகு, வசதியுள்ளவர்கள் தாங்கள் அணிவது அசல் என்று காட்ட வேண்டியதாயிற்று. போலி அசலுக்கு ஓய்வு தரவில்லை, மதிப்பைக் கொடுத்தது.

செல்லுலாய்ட் சீப்பை வீழ்த்தியது தீயும் இல்லை, மனசாட்சியும் இல்லை, கத்தரிக்கோல். நடனக்காரி ஐரீன் காசில் 1910களின் நடுவில் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டார். 1920களில் அது உலகத்து வழக்கமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே கொம்புச் சீப்பு செய்து, சீப்பு நகரம் என்றே பெயர் வாங்கிய லெமின்ஸ்டரில் பட்டறைகள் வரிசையாக மூடின. ஒயோனாவிலும் அதே கதை. முதலாளிகள் சுறுசுறுப்பானவர்கள்; பிழைத்துக்கொண்டார்கள். லெமின்ஸ்டரின் சாம் ஃபாஸ்டர் 1929இல் கறுப்புக் கண்ணாடி விற்க ஆரம்பித்தார். அந்த ஊர் 1957இல் தோட்டத்தில் நட்டுவைக்கும் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பூநாரையை உலகத்துக்குத் தந்தது. பல் வெட்டியே கை பழகியிருந்தவர்கள் எல்லோரும் அதே வேகத்தில் புது வேலைக்குப் பழகியிருக்க மாட்டார்கள்.

ஆமைக்கு ஓய்வு வந்தது கடைசியில் காகிதத்தால். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1977இல் அழுங்காமையை முற்றாகத் தடைசெய்த பட்டியலில் சேர்த்தது. ஜப்பான் தனக்கு விதிவிலக்கு அறிவித்துக்கொண்டு 1992 இறுதிவரை இறக்குமதி செய்தது. கண்டுபிடிப்பும் கருணையும் நூறாண்டாகச் செய்யாததை, அதிகாரிகள் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டுப் பெருமளவு செய்தார்கள். கள்ளச்சந்தை இன்னும் இருக்கிறது. அழுங்காமை இன்று அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களில் ஒன்று.

இப்போது நம் கையில் இருக்கும் கிளட்சரும் ஒயோனாவில்தான் பிறந்தது. 1986இல் கிறிஸ்டியான் பொட்டூ என்பவர் இரண்டு பல்வரிசைகளை நடுவில் ஒரு ஸ்பிரிங்கால் கோத்தார். சாமர்த்தியமான வடிவம். ஒரு கையால் விரித்து ஒரு நொடியில் முழுக் கூந்தலையும் அள்ளிப் பிடிக்கலாம். கண்ணாடி வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். அடுப்படியிலும் அலுவலகத்திலும் பேருந்து நெரிசலிலும் இருக்கும் பெண்களுக்கு அது செய்திருக்கும் உதவி சின்னதல்ல. ஸ்பிரிங் நழுவினாலோ ஒரு பல் ஒடிந்தாலோ அது குப்பை. பழுது பார்க்க ஒரு வழியும் வைக்காமல் வடிவமைத்திருக்கிறார்கள். கடலில் சேரும் பிளாஸ்டிக்கை ஆமைகள் விழுங்குகின்றன என்பது தெரிந்த செய்தி. அந்தக் குவியலில் கிளிப்பின் பங்கு மிகச் சிறியது. அதைப் பெரிதாக்கிக் கண்ணீர் வடிப்பது நேர்மையாகாது.

எனக்கு உறுத்துவது வேறு. ஒன்றரை நூற்றாண்டாகப் பிளாஸ்டிக் எந்த நிறமும் ஏற்கும், எந்த வடிவமும் எடுக்கும். இருந்தும் அது தனக்கென்று ஒரு முகத்தைத் தேடாமல், தான் காப்பாற்றியதாகச் சொன்ன விலங்கின் முதுகையே திரும்பத் திரும்ப வரைகிறது. செல்லுலாய்ட் போய் அசிட்டேட் வந்தது, அதன் பின் என்னென்னவோ வந்தன, திட்டுகள் மாறவில்லை. அந்த நிறத்தை அழகு என்கிறோம். அரியது என்பதால் விலையாயிருந்தது, விலையாயிருந்ததால் அழகானது. பிறகு விலை போய்விட்டது, காரணம் மறந்துவிட்டது, அழகு மட்டும் நின்றுவிட்டது. வாங்குகிற பெண்ணிடம் இதில் குற்றமில்லை. அட்டையில் இருப்பதைத்தான் அவள் எடுக்கிறாள். அட்டையில் எது தொங்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களிடம்தான் கேள்வி இருக்கிறது.

அவர்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: கூந்தலை ஏதாவது ஒன்று பிடித்தாக வேண்டும். அதுவும் முழு உண்மை இல்லை. வயல் வேலைக்குப் போகும் நம் பெண்கள் போடும் கோடாலி முடிச்சுக்குச் சீப்பும் இல்லை, ஊசியும் இல்லை, கிளிப்பும் இல்லை. முடியை முறுக்கி, சுற்றி, நுனியை உள்ளே இழுத்துச் செருகினால் நாற்று நட்டுக் கரையேறும் வரை நிற்கும். கூந்தல் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளத் தெரிந்த பொருள். அதற்கு மேல் வருவதெல்லாம் நம் ஆசை. ஆசை தவறல்ல, ஆசை இல்லாத இடத்தில் கைவினையே பிறக்காது. ஆனால் தேவை என்று சொன்னால் எந்தச் செலவுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும். ஆமைக்கும், பட்டறையில் வெந்தவர்களுக்கும், மலையை இழந்தவர்களுக்கும் சொல்ல நமக்கு அந்தச் சமாதானம் எப்போதும் இருந்ததில்லை.